வாசல் கேமராவில் விழுந்த ஷாட்

அப்பு,

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இதுதான் பதில். போனிலேயே சொல்லியிருப்பேன். பாதியில் நானே பேச்சை மாற்றிவிடுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுத்தென்றால் கடைசிவரை வாசித்துத்தான் ஆக வேண்டும். நான் எடிட்டிங் பாடம் போடுகிற பக்கத்திலேயே இதையும் போடுகிறேன். உன் பெயர் இல்லை, என் பெயர் இல்லை, மண்டபத்தின் பெயரும் இல்லை. ஊரே கூடியிருந்த இடத்தில் ஒன்றைச் செய்துவிட்டு, அதற்குப் பதிலை மட்டும் அம்மா காதோடு காதாகச் சொல்ல வேண்டும் என்றால் எப்படி?

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னை "அக்கா, ஷாட் பிரிக்கிறது எப்படி, சொல்லுங்க" என்று கேட்கிறவர்கள். எனக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உங்கப்பா நத்தத்திலிருந்து புளி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த வண்டியோடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது நீ ஏழாவது படித்தாய். அதன் பிறகு நம் வீட்டில் பேச்சே இல்லை. டிவி மட்டும் ஓடும். ஒருநாள் நீ சும்மா உட்கார்ந்திருந்தவன், திரையில் படம் மாறும்போதெல்லாம் ஒரு கைதட்டு தட்டினாய். ஆள் முகம் தெரிந்தது, தட்டினாய். வீடு தெரிந்தது, தட்டினாய். மறுபடி முகம், மறுபடி தட்டல். நானும் சேர்ந்துகொண்டேன். விளம்பரம் வந்தால் கை வலிக்கும், செய்தி வந்தால் தூக்கம் வரும். அதற்குப் பெயர் ஷாட் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் அந்த வருஷம் நம்மை உட்கார வைத்துச் சோறு தின்ன வைத்தது அந்தக் கைதட்டல்தான்.

அப்புறம் ஆரோக்கியம் அண்ணன் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். வெட்டி வெட்டி, கம்ப்யூட்டர் பக்கம் போய், யார் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பாதி இந்தி, எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. அந்த ஆள் சுட்டியை எங்கே கொண்டுபோகிறான் என்று மட்டும் பார்ப்பேன். ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா. விடியலிலிருந்து பந்தி முடிகிறவரை ஓடிய அத்தனை கிளிப்பையும் மனுஷன் உட்கார்ந்து பார்த்துத் தேடினால் அடுத்த கல்யாணம் வந்துவிடும். அப்போதுதான் தானாகவே ஷாட் பிரித்துக் கொடுக்கிற சாஃப்ட்வேர் ஒன்று கண்ணில் பட்டது. ஐயோ, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்! அது செய்வது வேறொன்றுமில்லை, நீ செய்ததுதான். ஒவ்வொரு படத்தையும் அடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. நிறமும் வெளிச்சமும் நாம் சொன்ன அளவைத் தாண்டி மாறிவிட்டால், இங்கே ஒரு ஷாட் முடிந்தது, இங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கோடு போட்டுவிடுகிறது. கைதட்டுகிறது, அவ்வளவுதான்!

ஆனால் கல்யாண வீட்டுக்கு அதற்குப் புத்தி பத்தவில்லை. போட்டோக்காரர் ஃப்ளாஷ் அடித்தால் அதையும் ஷாட் மாறியது என்று எண்ணிக்கொண்டது. அட்சதை விழுந்தால் திணறியது. "மெசினு வெட்டுனா அது கூறுகெட்டாப்ல தாம்மா வெட்டும்" என்றார் ஆரோக்கியம் அண்ணன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு வீடியோவுக்குக் கீழே கேள்வி எழுதினேன். எந்த நாட்டுப் பிள்ளையோ, முகம்கூடத் தெரியாது, பதில் போட்டான்: ஒரு படத்தை மட்டும் பார்க்க விடாதே, முன்னும் பின்னும் இருக்கிற படங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல், ஃப்ளாஷ் வந்த வேகத்தில் போய்விடும், ஷாட் மாறினால் மாறியபடியே இருக்கும். செய்து பார்த்தேன். "அண்ணே, பிடிச்சிருச்சுண்ணே!" என்று கத்தினேன். "யாரம்மா, திருடனயா?" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தார் மனுஷன்.

பிரித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு சின்னப் படம் வந்து நிற்கும். அதற்குக் கீழே யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். மாலை மாற்றல், தாலி, அட்சதை, பந்தி. அப்படி எழுதும்போது நானாக ஒரு பெயர் வைத்தேன்: "ஓரம்." தூணுக்குப் பின்னால், சமையல்கட்டு வாசலில், மேடைக்குப் போகிற படிக்கட்டின் பக்கவாட்டில் நிற்கிற பெண்கள். பட்டுச்சேலை கட்டியிருப்பார்கள், நெற்றி வெறுமையாக இருக்கும், கழுத்தை எக்கி மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தக் கல்யாணத்து வீடியோ வந்தாலும் அந்தப் பெயர் காலியாக இருந்ததே இல்லை. பெண்ணைப் பெற்றவளோ, மாப்பிள்ளையை வளர்த்த அத்தையோ, யாரோ ஒருத்தி. அவர்கள் யாரென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிற்கிற இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி உன் கல்யாணக் கதைக்கு வருகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனில் பச்சைப் பட்டுக் கட்டிக்கொண்டு மேடையில் உன் பக்கத்தில் நின்றேன். ரிசப்ஷன் போட்டோவுக்கு நிற்கிறதுதானே, அதில் சாங்கியம் ஒன்றும் கிடையாது. மறுநாள் காலையில், நீ வேட்டி கட்டி முடித்து, மாப்பிள்ளை அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்தாய். "அம்மா, அவங்க தொப்பம்பட்டி ஆளுங்க, கொஞ்சம் பழைய ஆளுங்க. பொண்ணோட மாமா ஒரு மாதிரி பேசறாரு. தாலி கட்டுற அந்தச் செத்த நேரம் மட்டும் நீ மேடைப் பக்கம் வராம இரு. எனக்காகம்மா." நான் உன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "பரவாயில்ல அப்பு, நீ போ" என்றேன். உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் என் இடத்தில் உட்கார்ந்தார்கள். பாதபூஜைத் தண்ணீர் அவர்கள் காலில் விழுந்தது. நான் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டேன்.

அந்த மாமா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பந்தியில் அவரே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்கு எதிரே வந்து, "சம்பந்தியம்மா, ஒரு கரண்டி ஊத்தட்டுங்களா?" என்றார். நான் இலையை மூடிவிட்டேன். அத்தனை பேர் பார்க்க, சாப்பாடு பாதியில் இருக்க, இலையை மூடினேன். அந்த மனுஷன் வாளியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். உன் மனைவியும் வந்தாள். "அத்தை, தாலி கட்டும்போது உங்களத் தேடுனேன். எங்க போயிட்டீங்க?" என்றாள். தலைவலி என்று சொன்னேன். அவளும் தெரிந்துகொண்டே கேட்கிறாள் என்று நினைத்து அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

வீடியோ வேலையை நானே செய்கிறேன் என்றேன். "மாப்பிள்ளைக்கு அம்மா நீ, நீயே ஒக்காந்து வெட்டுவியாக்கும்? குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் ஆரோக்கியம் அண்ணன். நான் கேட்கவில்லை. எனக்கு ஆசை. என் மகன் கல்யாணத்தை வேறொருத்தர் தொடக்கூடாது. மூன்று கேமராவின் கிளிப்புகளையும் ஏற்றி, சாஃப்ட்வேரை ஓடவிட்டு, ஒவ்வொரு ஷாட்டாகப் பெயர் எழுதிக்கொண்டே வந்தேன். ஒலி தனியாக வரும், உனக்கே தெரியும். மாப்பிள்ளை சட்டைக்குள் ஒரு குட்டி மைக் மாட்டிவிடுவோம். அது காலையில் வேட்டி கட்டும்போது தொடங்கினால் மாலையைக் கழற்றுகிறவரை நிற்காமல் ஓடும். ஸ்டுடியோக்காரி பெற்ற பிள்ளை, சின்ன வயதில் அந்த மைக்கை வைத்துக்கொண்டு விளையாடினவன், நீயே அதை மறந்துவிட்டாய் அப்பு.

மாப்பிள்ளை அறையில் தொங்கிய மாலையைக் கேமரா படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. "மாலை, மாப்பிள்ளை அறை" என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகப் பார்த்தேன். ஹெட்போனில், உன் மைக்கில் பதிவான அந்த மாமாவின் குரல்.

"ஏனுங்க மாப்ள, உங்கம்மாவ மேடைல ஒக்கார வைங்க. பெரியப்பாவெல்லாம் எதுக்குங்க? பெத்தவங்க இருக்கறப்ப."

"இல்லீங்க மாமா, அம்மாவே வரலைன்னுட்டாங்க."

"நான் வேணா ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டுங்களா? எங்க பக்கம் யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டோமுங்க. காலம் மாறிப் போச்சு."

"வேணாம் மாமா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆளாளுக்கு அதையே பேசுவாங்க. அதுவுமில்லாம... எனக்கே ஒரு மாதிரி இருக்குங்க மாமா."

கதவுச் சத்தம். உன் செருப்புச் சத்தம். அப்புறம், "அம்மா, அவங்க தொப்பம்பட்டி ஆளுங்க, கொஞ்சம் பழைய ஆளுங்க..."

அதற்குப் பிறகு என் குரல், "பரவாயில்ல அப்பு."

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவினேன். ஆரோக்கியம் அண்ணன் கேட்டார், "என்னம்மா?" "ஒண்ணுமில்லண்ணே, தூசி" என்றேன். உனக்காக நான் சொன்ன அடுத்த பொய்.

அந்த வாரமே உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நீ மறந்திருந்தால் நானே எழுதிக் காட்டுகிறேன். "அம்மா, நாங்க ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வீடியோ வேணும். ஆபீஸ் பிரெண்ட்ஸ் எல்லாம் பாக்கணுங்கறாங்க. ஒரே ஒரு விஷயம். தாலி கட்டுற இடத்துல நீ இல்லேன்னா ஒரு மாதிரி இருக்கும்மா, கேப்பாங்க. ரிசப்ஷன்ல நீ கண்ணத் தொடைக்கிற ஷாட் ஒண்ணு இருக்குல்ல, அத எடுத்து தாலி ஷாட்டுக்கு அப்புறம் போட்டுரு. ரெண்டு செகண்ட் போதும். சேலை கலர மாத்துறதெல்லாம் உனக்கு ஜுஜுபி. நீதானம்மா சொல்லுவ, ரெண்டு ஷாட்டப் பக்கத்துல பக்கத்துல வச்சா ஜனங்க தானா நம்பிருவாங்கன்னு."

ஆமாம், நான்தான் சொன்னேன். இந்தப் பக்கத்தில் பாடமாகவே போட்டிருக்கிறேன். ஒரு முகத்தைக் காட்டி அடுத்து ஒரு காட்சியைக் காட்டினால், அந்த முகம் அந்தக் காட்சியைத்தான் பார்க்கிறது என்று பார்க்கிறவர்கள் முடிவு பண்ணிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு நாள், வேறு வேறு சேலை என்றாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வித்தையை உனக்குச் சொல்லித்தரும்போது எனக்கு எவ்வளவு பெருமை! அதை எடுத்து என்னையே ஒட்டுவதற்குக் கேட்பாய் என்று நினைக்கவில்லை. மேடையில் என்னை வைக்க உனக்கு "ஒரு மாதிரி" இருந்தது. வீடியோவில் நான் இல்லாவிட்டாலும் உனக்கு "ஒரு மாதிரி" இருக்கிறது. உன் மாங்கல்யத்துக்கு நான் ஆகாது, உன் ஆபீஸ் சிநேகிதர்களுக்கு மட்டும் நான் வேண்டும். அதுவும் ரெண்டு செகண்ட்.

இதில் என் பங்கும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. உங்கப்பா போன பிறகு எந்த விசேஷத்திலும் யாரும் என்னை விலகு என்று சொல்லும் அளவுக்கு நான் வைத்துக்கொண்டதே இல்லை. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உன் சித்தப்பா மகள் சடங்கில் தட்டைக் கையில் கொடுத்தபோது வேண்டாம் என்று நானே திருப்பிக் கொடுத்தேன். அதை நீ பார்த்துக்கொண்டே வளர்ந்தாய். அம்மாவுக்கு இது வலிக்காது என்று நினைத்துவிட்டாய். வலித்தது அப்பு. ஒவ்வொரு தடவையும் வலித்தது. அதை உன்னிடம் ஒரு நாளும் சொல்லாமல், கௌரவமாக விலகிக்கொள்வதாக நினைத்துக்கொண்டு உனக்குத் தப்பாகப் பாடம் நடத்திவிட்டேன்.

ஆனால் நீ பயந்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். இத்தனை வருஷம் ஊரே பயந்ததிலிருந்து நீ மட்டும் எப்படித் தப்பிப்பாய்? "அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா, நீ வர வேணாம்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அழுதுகொண்டாவது ஆசீர்வாதம் பண்ணியிருப்பேன். உன் பயத்தை அந்த மாமா தலையில் ஏற்றினாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இப்போது உனக்குக் குடும்பம் ஆகிவிட்டது. இனி நாலு பேருக்கு நடுவில் நிற்க வேண்டியவன் நீ. உன் மனைவியிடம் "அம்மா சொன்னாங்க" என்றும், என்னிடம் "அவ வேணாங்கறா" என்றும் சொல்லிக்கொண்டு காலம் தள்ளிவிடலாம் என்று நினைக்காதே. உன் "வேண்டாம்" உன் வாயிலிருந்து, உன் பெயரில் வரட்டும். புருஷனாக இருக்கிறவனுக்கு வேறு யோக்கியதை ஒன்றும் பெரிதாக வேண்டியதில்லை.

அந்த மாமாவுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அன்னைக்கு இலைய மூடுனேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவருக்குக் காரணம் தெரியாது, நானும் சொல்லவில்லை. "அட, அதுக்கென்னங்க! பாயாசம் அன்னைக்கு அம்புட்டு ருசிங்க, உங்களுக்குத்தான் குடுத்து வைக்கல" என்று சிரித்தார். தொப்பம்பட்டிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னார். நீ யாரைப் பழைய ஆள் என்றாயோ அவர்.

இனி வீடியோ. நீ கேட்ட ஷாட் ரிசப்ஷன் கிளிப்பில் இருக்கிறது. நான் கண்ணைத் துடைக்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது. அதை நான் தாலிக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. சேலையின் நிறத்தை மாற்றவில்லை. தாலி கட்டும்போது நான் எங்கே இருந்தேன் என்று மூன்று கேமராவிலும் தேடினேன்.

மண்டப வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்த வரவேற்பு மேசைக்கு எதிரே ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். கெட்டிமேளம் என்று குரல் கேட்டதும் வரவேற்க நின்ற பெண்கள் எல்லாம் அட்சதை போட உள்ளே ஓடிவிட்டார்கள். கேமராக்காரத் தம்பியும் ஓடிவிட்டான். கேமரா மட்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. காலி மேசை. உள்ளே மேளம் உச்சத்தில். சமையல்கட்டுப் பக்கமிருந்து நான் வருகிறேன். உள்ளே எட்டிப் பார்க்கிறேன், தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. மேசைக்குப் பின்னால் வந்து நிற்கிறேன். அப்போது வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, இடுப்பில் ஒரு பிள்ளையோடு ஒரு அம்மா ஓடிவருகிறாள்.

"ஏனுங்க, தாலி கட்டிட்டாங்களா?"

"இப்பத்தாங்க, மேளம் கேக்குதுல்ல. வாங்க, வாங்க. எங்கிருந்து வாரீங்க?"

"நெய்க்காரப்பட்டிங்க. பொண்ணுக்கு ஒண்ணுவிட்ட அக்கா. பஸ்ஸு வழியில நின்னு போச்சுங்க. நீங்க?"

"மாப்பிள்ளைக்கு அம்மா."

அவள் என்னைப் பார்க்கிறாள். என் நெற்றியைப் பார்க்கிறாள். நான் சந்தனக் கிண்ணத்தை எடுக்கத் தயங்குகிறேன், அது கேமராவில் நன்றாகவே தெரிகிறது. அவள் தானே கையை நீட்டுகிறாள். "நீங்களே வச்சு விடுங்கம்மா" என்கிறாள். நான் வைக்கிறேன். பிள்ளை வாயில் ஒரு கல்கண்டு போடுகிறேன். அவர்கள் உள்ளே போன பிறகும் நான் அங்கேயே நின்று, கையைக் கூப்பி, எனக்குத் தெரியாத உன் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கல்யாண வீடியோவில் இருக்கிற ஷாட்டுகளிலேயே நீளமானது அதுதான். சாஃப்ட்வேர் அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை. கேமரா அசையவில்லை, வெளிச்சம் மாறவில்லை, ஃப்ளாஷ் அங்கே வரவில்லை. எந்த அளவைக் கொடுத்து ஓட்டினாலும் அது ஒரே ஷாட். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். "ஓரம்" என்று எழுதக் கை வரவில்லை. "மாப்பிள்ளையின் அம்மா, வாசல், வரவேற்கிறார்" என்று எழுதினேன்.

நீ மூன்றாவது முடிச்சுப் போட்டு நிமிர்கிற ஷாட் முடிந்ததும் அதை முழுசாக வைத்திருக்கிறேன். அதே நேரம், அதே மேளச் சத்தம், அன்று காலை நான் கட்டியிருந்த அரக்குச் சேலைதான். ஒட்டு இல்லை. மைக்கில் பதிவான பேச்சு படத்தில் வராது. கல்யாண வீடியோவில் அதற்கு இடமில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. மற்ற கிளிப்புகளோடு அதுவும் பெயர் எழுதப்பட்டு என்னிடம் இருக்கிறது.

லிங்க் உனக்கு வந்திருக்கும். உன் மனைவிக்கும் அனுப்பியிருக்கிறேன். அவள்தான் முதலில் பார்ப்பாள், அவளுக்கு அம்புட்டு ஆசை. பார்த்துவிட்டு உன் பக்கம் திரும்பி, "அத்தைக்குத் தலைவலின்னாங்க, ஏன் வாசல்ல நிக்கிறாங்க?" என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு. அதற்கு முன்னால் வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா